நாலாவது டப்பா

அண்ணி குக்கரின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு அடிப்பிடித்துக் கறுத்திருந்தது. கம்பி நார் சுரண்டும் சத்தத்துக்கு நடுவே இங்கிலீஷில் ஏதோ முணுமுணுப்பு. கண் பாத்திரத்தில் இல்லை. எதிர்ச் சுவரில், அடுப்புக்கு மேலே நீளமாகப் போகும் பலகையில் இருந்தது.

"யார்கூடப் பேசறீங்க அண்ணி?" என்றேன்.

ஈரக்கையை உயர்த்தி 'இரு' என்று காட்டினாள். கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் விசாரித்தேன்.

"பரீட்சைக்குப் படிக்கறா. உனக்கு மடியில புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டுப் படிக்கற யோகம் இருந்தது. அவ கை எப்ப காஞ்சிருக்கு, புஸ்தகம் பிடிக்க?"

அதோடு விட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பின்னால் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

என் அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பதினாலு வருஷமாக அதே நாற்காலி. அதற்கு ஒரு கால் குட்டை. கீழே பழைய கேள்வித்தாளை மடித்து முட்டுக் கொடுத்திருப்பாள். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், தொலைந்துபோன தண்ணீர் பாட்டில், வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பிள்ளை, எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். மணி அடிக்கிறவர் லீவு போட்டால் மணியும் அவள்தான். அப்படி ஒருநாள் இங்கிலீஷ் டீச்சர் வராதபோது, "எட்டாம் வகுப்புல போய் உட்காருங்க, சத்தம் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்" என்று அனுப்பிவைத்தார்கள்.

அண்ணி சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளவில்லை. கரும்பலகையில் கூரையில்லாத ஒரு நாடகக் கொட்டகையை வரைந்தாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் தரையில் நின்று நாடகம் பார்த்த சனம், வசனம் பிடிக்கவில்லையென்றால் எப்படிக் கூச்சல் போட்டிருக்கும், செய்து காட்டுங்கள் என்றாள். நாற்பது பிள்ளைகள். கேட்கவேண்டுமா? தலைமையாசிரியை பிரம்போடு ஓடி வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்று அரைமணி நேரம் கேட்டுவிட்டு, பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

"டிகிரி மட்டும் இருந்தா உங்களையே போட்டுடுவேன்" என்று மறுநாள் சொன்னார். சொல்லிவிட்டு மறந்தும்போனார். அண்ணி மறக்கவில்லை. அந்த வாரமே தபால் வழியில் ஆங்கில இலக்கியப் படிப்புக்கு எழுதிப் போட்டாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தேழு.

"வேற ஏதாவது சுலபமா எடுக்கக்கூடாதா?" என்றான் அண்ணன். அவனுக்கு வீடுகளில் வயரிங் வேலை. எதிலும் சின்ன வழி எது என்றுதான் பார்ப்பான்.

"எனக்கு இதுதான் வேணும்" என்றாள் அண்ணி. அவள் பேச்சு எப்போதுமே அவ்வளவுதான். நீட்டி முழக்கத் தெரியாது. முகஸ்துதி சுத்தமாக வராது. அண்ணன் ஜோக்குக்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கவிதை, உரைநடை, நாடகம், இலக்கணம் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே தாண்டிவிட்டாள். ஒரே ஒரு தாள் மட்டும் காலை வாரியது. ஆங்கில இலக்கிய வரலாறு. முதல் தடவை முப்பத்திமூணு. அடுத்து முப்பத்தஞ்சு. அதற்கடுத்து முப்பத்தெட்டு. நாற்பது வந்தால் தேர்ச்சி.

"ஏறிக்கிட்டுத்தானே இருக்கா! இதே வேகத்துல போனா எழுபது வயசுல முதல் வகுப்பு" என்றான் அண்ணன். அன்று ராத்திரி அவன் தட்டில் உப்பே இல்லை. தற்செயல் என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறாள்.

மூன்றாவது தடவை விடைத்தாளின் நகலை வரவழைத்துப் பார்த்தாள். பெரிய கேள்விக்கு அவள் எழுதியிருந்த ஆறு பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ரெண்டே சொல்: 'வெறும் பட்டியல்.' அண்ணி அதை, பட்டியல் போதாது என்று புரிந்துகொண்டாள். இன்னும் நாற்பது பெயர்களையும் அறுபது வருஷங்களையும் சேர்த்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள்.

இந்த நாலாவது தடவைதான் கடைசி. பதிவு செய்து அஞ்சு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் தேறின தாள்களும் செல்லாது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும் என்பது விதி. இங்கிலீஷ் டீச்சர் வேறு அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். பள்ளி திறப்பதற்குள் சான்றிதழைக் காட்டினால் அந்த இடம் அண்ணிக்கு. இல்லையென்றால் குட்டைக்கால் நாற்காலிதான், அவளும் ஓய்வு பெறுகிற வரைக்கும்.

இனி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அதில் பத்து டப்பா. கல்யாணமான புதிதில் அண்ணி அடுக்கிய வரிசை, அப்புறம் மாறவேயில்லை. கை ஈரமாக இருக்கும்போது புத்தகத்தைத் தொட முடியாதே என்று, அந்த டப்பாக்கள் மேலேயே ஆங்கில இலக்கியத்தை முழுசாக ஏற்றிவிட்டாள்.

முதல் டப்பா உப்பு. பழைய ஆங்கிலக் காலம். கடல் தாண்டி வந்தவர்கள், குளிர்ந்த கூடத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து செத்துப்போன வீரனைப் பாடினவர்கள். ரொம்ப நாள் எழுதிவைக்காமல் வாயிலேயே காப்பாற்றினார்கள். ரெண்டாவது கோதுமை மாவு. இடைக்காலம். வேற்றுமொழிக்காரன் அரசனாக வந்து உட்கார்ந்தபிறகு அரண்மனைக்கு ஒரு பாஷை, தேவாலயத்துக்கு ஒரு பாஷை, அடுப்படிக்கு ஒரு பாஷை என்று முந்நூறு வருஷம் பிசைந்து, கடைசியில் அடுப்படி பாஷைதான் ஜெயித்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணியின் குரல் கொஞ்சம் ஏறும். மூணாவது மிளகு. மறுமலர்ச்சி. கப்பல்கள் மிளகைத் தேடிப் புறப்பட்ட காலம். நாக்கில் சுரீரென்று ஏறும் வசனத்தைக் கூலிக்காரனும் பிரபுவும் ஒரே கொட்டகையில் கேட்ட காலம்.

நாலாவது டப்பா காலி. மூடி நெளிந்துவிட்டதால் அதில் எது போட்டாலும் நமுத்துப்போகும். தூக்கி எறியாமல் அண்ணி அதை அப்படியே விட்டுவைத்திருந்தாள். அரசனுக்கும் சபைக்கும் சண்டை மூண்டு, நாடகம் பாவம் என்று கொட்டகைகளைப் பூட்டி, நடுவில் அரசன் தலையும் போன பதினெட்டு வருஷம் அது.

அஞ்சாவது சர்க்கரை. ஓடிப்போன இளவரசன் ராஜாவாகத் திரும்பிவந்த மீட்சிக் காலம். பூட்டு திறந்தது, பெண் வேஷத்தைப் பெண்களே போட்டார்கள், ஊரே சிரித்தது. ஆறாவது காபித்தூள். பதினெட்டாம் நூற்றாண்டு. காபிக் கடையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் நாசூக்காகக் குத்திக் கிழித்தது, நாவல் வளர்ந்தது எல்லாம் அதில் அடக்கம். ஏழாவது ஏலக்காய். சின்ன டப்பா, திறந்தால் வீடு முழுக்க மணக்கும். ரொமான்டிக் காலம். மலை, ஆறு, புரட்சி, சின்ன வயதிலேயே செத்துப்போன கவிஞர்கள். எட்டாவது பருப்பு, இருப்பதிலேயே பெரியது. விக்டோரியா காலம். மாதச் சாமான் வருகிற மாதிரி மாதாமாதம் துண்டு துண்டாக வந்து சேர்ந்த தடித்தடி நாவல்கள். ஒன்பதாவது நொய்யரிசி. உலகப்போரில் எல்லாம் உடைந்துபோன நவீன காலம். பத்தாவதில் ரப்பர் பேண்ட் போட்ட பாதிப் பொட்டலங்கள். கொஞ்சம் சோம்பு, கொஞ்சம் பட்டை, எதற்கு வாங்கினோம் என்றே தெரியாத ஒரு விதை.

"நவீனத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் இதுல. எது எங்க இருக்குன்னு எழுதினவங்களுக்கே சந்தேகம்" என்பாளாம் அண்ணி.

'என்பாளாம்' என்கிறேன், ஏனென்றால் இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். காய் நறுக்கும்போது அண்ணி அத்தனையையும் தமிழில் சொல்லிப் பார்ப்பாள். எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கிலீஷில் 'ஓகே' தவிர ஒன்றும் தெரியாத என் அம்மா, ஒரு கட்டத்தில் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். "அந்தக் கொட்டகையைப் பூட்டினவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?" "பூட்டினாங்களே, அந்த நடிகருங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணினாங்க?"

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது என் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. அம்மா தன் தம்பியைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். அண்ணி வேலையும் பார்த்து, சமைத்து, படிக்கவும் வேண்டுமே என்று நான் மூணு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அண்ணன் என்னை 'மாத்திரை' என்றுதான் கூப்பிடுவான். "வந்துட்டாடா மாத்திரை! மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று வாசலிலேயே வரவேற்றான்.

"அண்ணி, நீங்க அடுப்படிப் பக்கம் தலைவச்சும் படுக்கக்கூடாது. தண்ணி வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க" என்று உத்தரவு போட்டேன். அவளும் சரியென்று புத்தகத்தோடு அறைக்குள் போய்விட்டாள். பாவம், அப்படி ஒரு சலுகை அவளுக்கு அதற்குமுன் கிடைத்ததேயில்லை.

மருந்துக்கடைக்காரியை ஒரு பலகைக்கு எதிரே மூணு நாள் நிறுத்தினால் சும்மா இருப்பாளா? எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. அடிக்கடி கேட்பது கையெட்டும் உயரத்தில், சேர்ந்து விற்பது பக்கத்தில் பக்கத்தில், பாரம் கீழே, காலிப் பெட்டிக்கு இடமே கிடையாது. அண்ணி வீட்டில் காபித்தூள் ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம், மிளகும் ஏலக்காயும் ஆளுக்கொரு மூலை. நடுவில் ஒரு காலி டப்பா ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எனக்குக் கை அரித்தது.

எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைத்தேன். காபித்தூள், சர்க்கரை, உப்பு மூன்றையும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மிளகு, ஏலக்காய், பொட்டலங்கள் எல்லாம் மணச் சாமான் என்று ஒரு கும்பல். பருப்பும் மாவும் நொய்யும் கீழ்த்தட்டுக்கு இறங்கின. ஒவ்வொன்றுக்கும் அழகாகச் சீட்டு எழுதி ஒட்டினேன். காலி டப்பாவை அண்ணன் திருகாணி போட்டுவைக்கக் கேட்டான், கொடுத்துவிட்டேன். பரீட்சை முடிந்து வந்து பார்த்து அண்ணி அசந்துபோவாள் என்று மனசுக்குள் ஒரே குளிர்ச்சி.

பரீட்சை அன்று காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்துவிட்டாள். கைப்பையை வைத்துவிட்டு நேராகத் தண்ணீர் குடிக்க உள்ளே போனவள் அலறினாள்.

"அடிப்பாவி! திரும்பி வந்த ராஜாவைக் கொண்டுபோய் கடல்காரங்க மடியில உட்கார வச்சிருக்கியேடி! விக்டோரியா எங்க?"

"யாரும்மா விக்டோரியா?"

"பருப்பு!"

"கீழ. பாரமா இருந்தது."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்போது அண்ணி வந்தாள். குளித்து, தலை வாரி, தோளில் பை. கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை பலகையை வரிசையாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது. மறுபடி முதலிலிருந்து அசைந்தது, நின்றது. மூணாவது தடவை உதடே அசையவில்லை.

"எனக்கு ஒண்ணுமே வரல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பையைக் கழற்றாமலே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் காலி டப்பா எங்க?"

"அண்ணனுக்கு... திருகாணிக்கு..."

அம்மா என்னைத் திட்டிக்கொண்டே அடுக்கச் சொல்லிவிட்டாள். "எடு மாவை. ரெண்டாவது. மிளகை அந்தக் கும்பல்லேருந்து பிரி. சர்க்கரை அஞ்சாவது." நான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். அழுகையை அடக்கினால் எனக்கு வாயாடித்தனம் வந்துவிடும்.

"சர்க்கரை ஏம்மா அஞ்சாவது? நாலாவதுதான் காலியாச்சே. ஒரு இடம் தள்ளி வச்சா என்ன, இங்கிலீஷ்காரன் வந்து கேக்கப்போறானா?"

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "எப்படித் தள்ளி வைக்கமுடியும்?" அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "பதினெட்டு வருஷம் பூட்டிக் கிடந்ததாலதான் திறந்ததும் அப்படிச் சிரிச்சாங்க. காலி டப்பா இல்லேன்னா அந்தச் சிரிப்பு எங்கேருந்து வரும்?"

"அப்ப காபி?" என்றேன். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை.

"சிரிச்சது திகட்டிப்போச்சு. ஒழுங்கா உட்காரு, யோசிச்சுப் பேசுன்னு ஆரம்பிச்சாங்க."

"ஏலக்காய்?"

"எத்தனை நாள்தான் ஒழுங்கா உட்கார்ந்துக்கிட்டே யோசிக்கறது? எழுந்து மலைக்குக் கிளம்பிட்டாங்க."

"சரி, பருப்பு?"

"மலையிலேருந்து இறங்கி வந்து பாத்தா ஊரெல்லாம் ஃபேக்டரி, புகை, வேலைக்குப் போற குழந்தைங்க. அதை நாலு வரிப் பாட்டுல சொல்லமுடியுமா? எண்ணூறு பக்கம் வேணும்." எழுந்து நின்றுவிட்டாள். கீழ்த்தட்டிலிருந்து பருப்பு டப்பாவை அவளே தூக்கினாள். "அந்த எண்ணூறு பக்கத்து நம்பிக்கையெல்லாம் போர்ல போச்சு. அதனாலதான் நொய்."

இதற்குள் அண்ணன் திருகாணி டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றான். யாரும் ஒன்றும் சொல்லாமலே தரையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காலி டப்பாவைத் துடைத்து நீட்டினான். ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

அண்ணி அதை வாங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ்" என்றாள். பலகை பாதி அவள் வரிசை, பாதி என் வரிசையாகக் கிடந்தது. அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் வந்தவளிடம், "எப்படி எழுதினே?" என்று அண்ணன்தான் கேட்டான். எனக்குத் தைரியமில்லை.

"எழுதினேன்" என்றாள். சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

அடுத்த ரெண்டு மாதம் அண்ணி என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை போனால், "சாப்பிட்டியாம்மா?" பஸ் கிடைத்ததா, கடையில் வேலை அதிகமா. டப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அழுது, முடித்திருப்பேன். பலகையில் பழைய வரிசை திரும்பியிருந்தது. என் சீட்டுகளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசைத் தடம் மட்டும் போகவில்லை. நாலாவது இடத்தில் காலி டப்பா. எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, அதை அங்கே வைத்தது அம்மா.

முடிவு வந்த அன்று அம்மாதான் எனக்குப் போன் செய்தாள். "அறுபத்திநாலுடீ!" என்று அவள் கத்திய கத்தில், கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலை நிறுத்திவிட்டார். கேள்வித்தாளில் பெரிய கேள்வி, ஒரு காலத்து இலக்கியம் அடுத்த காலத்தை எப்படிப் பிறப்பித்தது என்பதாம். அண்ணி பதினோரு பக்கம் எழுதியிருக்கிறாள். புதிதாக மனப்பாடம் செய்த அந்த நாற்பது பெயர்களில் ஆறோ ஏழோதான் அதில் வந்ததாம்.

பள்ளி திறந்த அன்று அண்ணி அலுவலகச் சாவியைத் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்துவிட்டு, சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனாள். நாற்பத்திரண்டு வயதில் முதல் நாள் வேலை. முதல் மணிக்கே அந்த வகுப்பிலிருந்து கூச்சல் வந்ததாகவும், இந்தத் தடவை தலைமையாசிரியை பிரம்பை எடுக்கவேயில்லை என்றும் கேள்விப்பட்டேன். என்னால் ஒரு பலகையை அடுக்காமல் மூணு நாள் இருக்க முடியவில்லை. அவள் அஞ்சு வருஷம் ஈரக்கையோடு நின்று படித்திருக்கிறாள். இதை அவளிடம் சொன்னால், "ம்" என்பாள். அதனால் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணி அறையில் தரையில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா பட்டாணி உரித்தாள். நானும் உட்கார்ந்து ரெண்டு காயை எடுத்துக்கொண்டேன். மேலே இருந்த நோட்டின் ஓரத்தில், நாலு இடத்தில், சிவப்பு மையில் ஒரே சொல்: 'ஏன்?'

எனக்குள் இத்தனை நாளாக அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு நான் டப்பாவை மாத்தினது நல்லதாப் போச்சா? இல்ல, நான் கை வைக்காம இருந்திருந்தாலும் இதே மார்க் வாங்கியிருப்பீங்களா?"

"கேக்கறா பாரு" என்றாள் அம்மா. ஆனால் உரிப்பதை நிறுத்திவிட்டு அவளும் அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணி பேனாவை மூடினாள். தேதி தாண்டிய விண்ணப்பத்தை நீட்டுகிறவரைப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே குக்கர் கத்தியது. நோட்டுக் கட்டை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் உரித்த பட்டாணியை அம்மாவின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.